இந்தச் சீட்டு எந்த நாய்க்கு?

செல்லப்பிராணிகள்: வாசகர் கேள்வி – பதில்

தடுப்பூசிப் புத்தகம், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப், உரிமம், வெளிநாட்டுப் பயணச் சான்று என்று காகிதம் சம்பந்தமாக வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எங்கள் கால்நடை மருத்துவக் குழு பதில் சொல்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டில் 4 வயது நாட்டு நாய் ஒன்று இருக்கிறது. தடுப்பூசிப் புத்தகம், மருந்துச் சீட்டுகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் கிடக்கின்றன. அவசரத்துக்குத் தேடினால் எதுவும் கைக்கு வருவதில்லை. எப்படி ஒழுங்குபடுத்துவது?
– மதுரை வாசகி

பையை அப்படியே தரையில் கவிழ்த்துக் கொட்டுங்கள். தேதிவாரியாக அடுக்கும் வேலையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் ஒவ்வொரு தாளையும் எடுத்து, இது உங்கள் நாயுடையதுதான் என்று அந்தத் தாளில் எது சொல்கிறது என்று பாருங்கள். பாதித் தாள்களில் வெறுமனே ‘டாக்’ என்றிருக்கும். சிலவற்றில் ‘டாமி’ என்றிருக்கும். அந்த கிளினிக்கில் அன்றைக்கு மட்டும் மூன்று டாமிகள் வந்திருப்பார்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே, தாளின் மேல் ஓரத்தில் நாயின் பெயரையும் உங்கள் கைபேசி எண்ணையும் பேனாவால் எழுதிவிடுங்கள். மருத்துவர் எழுதிய பகுதியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

அடுத்து, 20 உறைகள் வைத்த கிளியர் ஃபைல் ஒன்று வாங்குங்கள். துளை போட்டுக் கோக்கும் ஃபைல் வேண்டாம். தடுப்பூசிப் புத்தகம் அதில் நிற்காது.

முதல் உறையில் அடையாளத் தாள். இதை நீங்களே எழுத வேண்டும். ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்: “பெயர் கருப்பன். ஆண். நாட்டு நாய். உடல் கறுப்பு, மார்பில் உள்ளங்கை அளவு வெள்ளை, முன்னங்கால் இரண்டிலும் விரல்கள் மட்டும் வெள்ளை, வால் நுனியில் வெள்ளை இல்லை. இடது காது நுனி மடிந்திருக்கும். வலது பின்தொடையில் பழைய தழும்பு. பிறப்பு 2021 நவம்பர், உத்தேசம். கருத்தடை செய்தது 2022 ஆகஸ்ட். மைக்ரோசிப் எண் 15 இலக்கம். உரிமையாளர் பெயர், முகவரி, இரண்டு கைபேசி எண்கள்.” ‘உத்தேசம்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தெருவிலிருந்து எடுத்த குட்டிக்கு வயதைப் பல்லைப் பார்த்துத்தான் சொல்கிறோம். பால் பல் விழுந்து புதுப் பல் முளைப்பது 3 மாதம் முதல் 7 மாதம் வரை. அதற்குள் பார்த்திருந்தால் கணக்கு கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். 42 பல்லும் வந்தபிறகு பார்த்துச் சொன்ன வயதில் ஓரிரு ஆண்டு முன்பின் இருக்கலாம்.

அதே தாளின் அடியில் சிவப்பு மையில் இரண்டு வரிகள்: எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எந்த நோய் தொடர்ந்து இருக்கிறது. தடுப்பூசி போட்ட சில மணி நேரத்தில் முகம் வீங்கியிருந்தால் அது இங்கே இருக்க வேண்டும். இரவு 11 மணிக்கு வேறொரு மருத்துவமனைக்கு ஓடும்போது மருத்துவர் முழு ஃபைலையும் படிக்க மாட்டார். இந்த ஒரு பக்கத்தைப் படிப்பார்.

படங்கள் ஐந்து போதும்: நேர்முகம், இடப்பக்கம், வலப்பக்கம், பின்பக்கம், தனி அடையாளம் எதுவோ அதன் நெருக்கப் படம். நாயின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். மடியில் வைத்துக் கொஞ்சும் படம் அடையாளத்துக்கு உதவாது. குட்டி என்றால் 2 மாதத்துக்கு ஒருமுறை புதுப் படம் வேண்டும்.

இரண்டாவது உறையில் தடுப்பூசிப் புத்தகம். இதில் நிறையப் பேர் தவறாகப் படிக்கும் இடம் ஒன்று உண்டு. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் சிறு ஸ்டிக்கரில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி தேதி மூன்றும் இருக்கும். அந்தக் காலாவதி தேதி குப்பிக்குரியது. ‘2027 மார்ச்’ என்று அதில் இருப்பதைப் பார்த்துவிட்டு, அதுவரை நாய்க்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று நினைத்து அடுத்த ஊசியைத் தவறவிடுகிறார்கள். நாய்க்கான அடுத்த தேதியை மருத்துவர் பக்கத்திலேயே கையால் எழுதியிருப்பார். ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்: போட்ட தேதி, ஸ்டிக்கர், அடுத்த தேதி, பதிவு எண்ணுடன் மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும். ஸ்டிக்கர் மட்டும் இருந்து கையெழுத்து இல்லாத வரி பிற்பாடு எந்த அலுவலகத்திலும் செல்லாது. கிளினிக்கை விட்டு இறங்குவதற்குள் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது உறையில் எடையும் குடற்புழு மருந்தும். இரண்டையும் ஒரே தாளில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரசிகுவான்டெல் சேர்ந்த குடற்புழு மாத்திரைகள் பெரும்பாலும் 10 கிலோவுக்கு ஒரு மாத்திரை என்ற கணக்கில் வருகின்றன. 6 கிலோ இருந்தபோது கொடுத்த அளவையே 14 கிலோ ஆனபிறகும் கொடுத்தால் புழு போகாது. மாத்திரை சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவோம். குட்டிக்கு 2 வார வயதிலிருந்து 2 வாரத்துக்கு ஒருமுறை 8 வாரம் வரை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் 3 மாதத்துக்கு ஒருமுறை என்பது வழக்கம். எடை பார்க்கத் தனித் தராசு தேவையில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடை இயந்திரத்தில் ஏறி நில்லுங்கள், பிறகு தனியாக நில்லுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். தூக்க முடியாத நாய் என்றால் கிளினிக்கில்தான் பார்க்க வேண்டும்.

நான்காவது, நோய்ச் சீட்டுகள். புதியது மேலே. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் அடிக்கடி வருவதால் அதற்குத் தனி உறையே வைக்கலாம். தட்டணு எண்ணிக்கை எந்தத் தேதியில் எவ்வளவு இருந்தது, டாக்சிசைக்ளின் மருந்து எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தேதியில் முடிந்தது என்று எழுதுங்கள். உண்ணியால் வரும் எர்லிகியா காய்ச்சலுக்கு இந்த மருந்தை 28 நாள் கொடுக்கச் சொல்வது வழக்கம். பத்தாம் நாள் நாய் சாப்பிட ஆரம்பித்ததும் வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி காய்ச்சலோடு வரும்போது, ‘முழுசாக் கொடுத்தோம் டாக்டர்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முடித்த தேதி எழுதியிருந்தால் மருத்துவர் வேறு திசையில் யோசிப்பார்.

பெண் நாய் என்றால் ஐந்தாவது ஒரு தாள் உண்டு: பருவத்துக்கு வந்த முதல் நாள். ரத்தக் கசிவு தெரிந்த நாளையே முதல் நாளாக எழுதுங்கள். பெரும்பாலான நாய்களுக்கு 6 அல்லது 7 மாத இடைவெளியில் வரும். பருவம் முடிந்த சில வாரங்களில் நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்து, சோர்ந்து, சாப்பிடாமல் கிடந்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். ‘கடைசியாகப் பருவம் எப்போது?’ என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி. ‘தீபாவளி சமயம்’ என்ற பதிலை வைத்து அவர் ஒன்றும் செய்ய முடியாது. கருத்தடை செய்துவிட்டால் அந்த அறுவைச் சான்றை இதே உறையில் வையுங்கள். மயக்கத்துக்கு என்ன மருந்து கொடுத்தார்கள், கருப்பை முழுதும் எடுத்தார்களா என்பது அதில் இருக்கும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஆர்வத்தில் எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை இயந்திரமும் ஸ்கேன் இயந்திரமும் அச்சடித்துத் தருவது பல இடங்களில் பஸ் டிக்கெட் மாதிரி வெப்பத்தாள். லேமினேஷன் சூட்டில் அது முழுக்கக் கறுத்துவிடும். சும்மா வைத்தாலும் ஓரிரு ஆண்டில் எழுத்து மங்கும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸை ஃபைலில் வையுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தை லேமினேட் செய்தால் அடுத்த வரியை எங்கே எழுதுவது?

கேள்வி: வீடு மாறியதில் தடுப்பூசிப் புத்தகம் தொலைந்துவிட்டது. நாய்க்கு 5 வயது. போன வருடம் போட்டோம் என்று நினைவு. புதிதாக ஒரு புத்தகத்தில் பழைய தேதிகளை எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாமா?
– தாம்பரம் வாசகர்

கேட்க வேண்டாம். தான் போடாத ஊசிக்கு அவர் கையெழுத்து போடக்கூடாது. போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் போகாதீர்கள். பழைய கிளினிக்கில் உங்கள் கைபேசி எண்ணைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். பதிவேட்டிலோ கணினியிலோ இருந்தால், ‘எங்கள் பதிவின்படி’ என்று குறிப்பிட்டு நகல் தருவார்கள். அது செல்லும். அரசு மருத்துவமனையில் பார்த்திருந்தால் பழைய ஓ.பி. சீட்டில் உள்ள எண் தேவை. பணம் கட்டிய ரசீதோ, ஜிபேயில் கட்டிய தேதியோ இருந்தால் பதிவேட்டில் தேட வேண்டிய நாள் தெரிந்துவிடும்.

ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் ஊசி போடாத நாய் என்றே கணக்கில் வையுங்கள். ரேபிஸ் ஊசியை மறுபடி போடுவதால் ஆரோக்கியமான நாய்க்குக் கேடில்லை. எலிக்காய்ச்சலுக்கான ஊசியின் கதை வேறு. முந்தைய தேதி தெரியாவிட்டால் 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு முறை போட்டால்தான் பலன். அதன் பாதுகாப்பு ஏறக்குறைய ஓராண்டுதான் என்பதால் மழைக்காலத்துக்கு முன் முடித்துவிடுவது நல்லது.

புதுப் புத்தகம் வந்ததும் முதல் பக்கத்தையும் ஒவ்வொரு ஊசிப் பக்கத்தையும் படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் கைபேசிக்கும் அனுப்புங்கள். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்து தொகுதி எண் படிக்க முடியாமல் போகும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

கேள்வி: நாய்க்கு மைக்ரோசிப் போட்டால் அது எங்கே இருக்கிறது என்று கைபேசியில் பார்க்க முடியுமா? நோய் விவரமெல்லாம் அதிலேயே பதிவாகுமா? சென்னையில் உரிமத்துக்கு இது கட்டாயமா?
– அண்ணா நகர் வாசகர்

முதல் இரண்டுக்கும் பதில் ‘இல்லை’. சிப் என்பது ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள, அரிசி மணி போன்ற கண்ணாடிக் குழல். பேட்டரி கிடையாது. ஜிபிஎஸ் கிடையாது. ஸ்கேனரை அருகில் கொண்டுவந்தால் அதன் அலையில் ஒரு கணம் உயிர்பெற்று, 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண்ணை வைத்து உங்கள் பெயரைத் தேடுவது ஏதோ ஒரு பதிவேட்டில். எனவே சிப் போட்டவர் எந்தப் பதிவேட்டில் ஏற்றினார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சிப்பை ஏற்றிவிட்டு எண்ணை எங்குமே பதியாமல் விட்ட நாய்கள் ஏராளம். அவற்றை ஸ்கேன் செய்தால் எண் வரும், வீடு தெரியாது. கைபேசி எண் மாறும்போதும் இதே நிலைதான்.

வாங்கும்போது ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில் 134.2 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும் சிப்பா என்று பாருங்கள். எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையோ தயாரிப்பாளரையோ குறிக்கும். இந்தியாவுக்கு 356, 9-ல் தொடங்குவது பொதுவாகத் தயாரிப்பாளர் எண். இரண்டும் செல்லும். சிப்பை ஊசியால் ஏற்றுவதற்கு முன் உறையிலேயே ஸ்கேன் செய்து, போட்டபின் நாயின் மேல் ஸ்கேன் செய்து, இரண்டு எண்ணும் உறையோடு வரும் பார்கோடு ஸ்டிக்கரும் ஒத்துப்போகிறதா பாருங்கள். அந்த ஸ்டிக்கர்களில் ஒன்று தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டப்பட வேண்டும். கையால் எழுதினால் 15 இலக்கத்தில் ஒன்று இடம் மாறத்தான் செய்யும்.

சிப் போடுவது இரு தோள்பட்டைகளுக்கு நடுவில். சில நாய்களுக்கு அது தோலுக்கடியில் மெல்ல நகர்ந்து தோளுக்கோ முன்னங்காலுக்கோ வந்துவிடும். ‘சிப்பே இல்லை’ என்று யாராவது சொன்னால் கழுத்திலிருந்து இரு முன்னங்கால் முழங்கை வரை மெதுவாக ஸ்கேனரை ஓட்டச் சொல்லுங்கள். ஆண்டு ஊசிக்குப் போகும்போதெல்லாம் ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் செல்லப்பிராணி உரிமம் கட்டாயம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2025-ல் அதோடு மைக்ரோசிப்பையும் சேர்த்தார்கள். மாநகராட்சி இணையதளத்தில் விண்ணப்பிக்க, நடப்பில் உள்ள ரேபிஸ் ஊசிச் சான்று, உங்கள் அடையாள, முகவரிச் சான்று, பிராணியின் படம் ஆகியவை வேண்டும். அடிக்கடி சிக்கல் வருவது பெயரில். தடுப்பூசிப் புத்தகத்தில் அப்பா பெயர், விண்ணப்பத்தில் மகன் பெயர், முகவரிச் சான்றில் பழைய வீடு. முதலிலிருந்தே ஒரே ஒருவர் பெயரில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். நாயோடு மருத்துவமனைக்குப் போகிறவர் யார் என்பது வேறு விஷயம்.

கேள்வி: எங்கள் நாய் பக்கத்து வீட்டுப் பையனை லேசாகக் கடித்துவிட்டது. வாசலில் வந்து சான்றிதழைக் காட்டு என்கிறார்கள். நாய்க்கு எல்லா ஊசியும் போட்டிருக்கிறோம். காட்டினால் போதுமா?
– தஞ்சாவூர் வாசகி

காட்டுங்கள். ஆனால் அந்தச் சான்றை வைத்துக்கொண்டு, ‘பையனுக்கு ஊசி வேண்டாம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்களில் ஊசி (முதல் ஊசி போடும் நாள்தான் 0). ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பணு மருந்தும் தேவைப்படும். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்பதால் இவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் காயத்தில் வைக்க விடாதீர்கள்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது 10 நாள் கண்காணிப்பு. ஒரு தாளில் கடித்த தேதி, நேரம், காரணம் எழுதி, அதன்கீழ் ஒவ்வொரு நாளும் காலை, மாலை: சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, குரல் மாறியதா, எச்சில் வடிகிறதா, கூப்பிட்டால் வருகிறதா. இந்தப் பத்து நாளில் நாயை ஊருக்கு அனுப்புவதும் யாரிடமாவது கொடுப்பதும் கூடாது. நாய் கண்ணில் இருந்தால்தான் இந்தக் கணக்குக்கு அர்த்தம். பத்து நாளும் ஆரோக்கியமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இல்லை என்று பொருள். மாற்றம் ஏதாவது தெரிந்தால் கால்நடை மருத்துவருக்கும் அந்தப் பையன் வீட்டுக்கும் உடனே சொல்லுங்கள். சான்றின் ஜெராக்ஸ் ஒன்றை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள், மருத்துவமனையில் கேட்பார்கள். அசலைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 4 பூனைகள் வளர்க்கிறோம். மூன்று கறுப்பு வெள்ளை. எதற்கு ஊசி போட்டோம் என்பதே குழம்புகிறது.
– நாகர்கோவில் வாசகி

ஒரே புத்தகத்தில் நான்கையும் எழுதும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். பூனைக்கு ஒரு புத்தகம், புத்தகத்துக்கு ஒரு நிறம். அதே நிறத்தில் கூடைக்கு ஒரு பட்டை. கறுப்பு வெள்ளைப் பூனைகளைப் பிரித்துக் காட்டுவது முகத்தைவிட மூக்கும் தாடையும் பாதங்களும்தான்: மூக்கு நுனி இளஞ்சிவப்பா கறுப்பா, தாடையில் கறுப்புப் புள்ளி உண்டா, பின்னங்கால் வெள்ளை கணுக்கால் வரையா முழங்கால் வரையா. இதைத் தாளில் எழுதுங்கள். கழுத்துப் பட்டை போட்டால் இழுத்தால் தானாக அவிழும் வகையாக இருக்கட்டும். மற்றது ஜன்னல் கம்பியில் மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும்.

பூனைக்கு மட்டும் கூடுதலாக ஒரு குறிப்பு வேண்டும்: ஊசி உடம்பில் எந்த இடத்தில் போடப்பட்டது. மிக அரிதாகச் சில பூனைகளுக்கு ஊசி போட்ட இடத்தில் புற்றுக் கட்டி வருகிறது. அதனால்தான் ரேபிஸ் ஊசியை வலது பின்னங்காலின் கீழ்ப்பகுதியில் போடும் பழக்கம் பல இடங்களில் வந்தது. ஊசி போட்ட இடத்தில் சின்ன வீக்கம் வந்து மறைவது சகஜம். அது 3 மாதத்துக்கு மேல் நின்றாலோ, 2 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஊசி போட்டு 1 மாதம் கழித்தும் வளர்ந்துகொண்டே போனாலோ சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். தேதியும் இடமும் எழுதாவிட்டால் இந்த 3, 2, 1 கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

நான்கு பூனைக்கும் பொதுவாக முதல் பக்கத்தில் இதையும் எழுதிவிடுங்கள்: பாரசிட்டமால் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் என்று பாதி மாத்திரை கொடுத்தே பூனை இறந்துபோகும்.

கேள்வி: அடுத்த ஆண்டு ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறேன். என் லாப்ரடாரையும் கூட்டிப்போக வேண்டும். எப்போது தொடங்குவது?
– கோவை வாசகர்

இன்றைக்கு. இதில் பணத்தைவிட நாட்களின் வரிசைதான் முக்கியம். முதலில் மைக்ரோசிப். அதே நாளிலோ அதற்குப் பின்போ ரேபிஸ் ஊசி. சிப்புக்கு முன் போட்ட ஊசியை ஐரோப்பிய ஒன்றியம் கணக்கில் எடுக்காது, எத்தனை ஆண்டு தவறாமல் போட்டிருந்தாலும் சரி. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரேபிஸ் எதிர்ப்பணு அளவு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யூ. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும்; முடிவு வந்த நாளிலிருந்து அல்ல. ஆகக் குறைந்தது 4 மாதம். ஆய்வகத் தாமதத்துக்கும், அளவு குறைவாக வந்து மறுபடி ஊசி போட நேர்ந்தால் அதற்கும் சேர்த்து 7 மாதம் வைத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு ரேபிஸ் ஊசி போட்ட இளம் நாய்கள்தான் இந்தச் சோதனையில் அதிகம் தவறுகின்றன.

ஒருமுறை தேறிவிட்டால் அந்த முடிவு ஆயுளுக்கும் செல்லும், ஒரே நிபந்தனையுடன்: அடுத்தடுத்த ரேபிஸ் ஊசிகள் முந்தையதன் காலம் முடிவதற்குள் போடப்பட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் எல்லாம் முதலிலிருந்து. அதனால் புத்தகத்தில் ‘செல்லுபடி: இந்தத் தேதி வரை’ என்று மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். தேதிகளில் மாதத்தை எழுத்தில் போடச் சொல்லுங்கள். 05/06 என்றால் மே மாதமா ஜூன் மாதமா என்று விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

கடைசிக் கட்டம், அரசின் விலங்குத் தடுப்புக் காப்பு மற்றும் சான்றளிப்பு அலுவலகத்தில் நலச் சான்று வாங்குவது. நம் பக்கத்தில் அது சென்னையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் படிவத்தில் வாங்கும் அந்தச் சான்று, கொடுத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் அங்கே நுழையத்தான் செல்லும். எனவே டிக்கெட் தேதியை முடிவு செய்தபின்தான் இதைத் தொட வேண்டும். நாயும் நீங்களும் வெவ்வேறு விமானத்தில் போவதானால் இடைவெளி 5 நாளைத் தாண்டக் கூடாது.

ஒவ்வொரு தாளிலும், ரத்த மாதிரிப் படிவத்திலும் 15 இலக்க எண் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே விரல் வைத்துப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: குட்டி வாங்கியபோது ‘கேசிஐ பேப்பர்’ பிறகு வரும் என்றார்கள். அது வந்தால் போதும்தானே?
– சேலம் வாசகர்

அது வம்சாவளிச் சான்று. இந்திய கென்னல் கிளப் (கேசிஐ) தருவது. தாய், தந்தை யார், எப்போது பிறந்தது, என்ன நிறம் என்பதைச் சொல்லும். நாய் ஆரோக்கியமாக இருக்கிறது என்றோ, ஊசி போட்டிருக்கிறது என்றோ சொல்லாது. சான்றில் உள்ள சிப் எண் குட்டியின் உடம்பில் ஸ்கேன் செய்தால் வருகிறதா பாருங்கள், உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். ‘பிறகு வரும்’ என்றால் எத்தனை நாளில் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 35 நாள் குட்டியைக் கையில் கொடுத்து, புத்தகத்தில் 60 நாள் என்று எழுதியிருந்தால் ஊசிக் கணக்கு முழுதும் தவறும். பல்லைப் பார்த்தாலே மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: ஆப் நல்லதா, நோட்டு நல்லதா?
– வேலூர் வாசகி

நினைவூட்டலுக்குக் கைபேசி, சாட்சிக்குக் காகிதம். ஆப் ஒருநாள் மூடப்பட்டால் உங்கள் பதிவும் போய்விடும். கைபேசியின் காலண்டரில் அடுத்த ஊசிக்கு 10 நாள் முன்னதாக ஒரு மணி வையுங்கள், போதும். ஸ்கேன் செய்த கோப்புகளுக்கு ஆண்டு முதலில் வரும்படி பெயர் வையுங்கள்: ‘2026-03-14 கருப்பன் ரத்தம்’. தானாகவே வரிசையில் நிற்கும்.

கேள்வி: ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றும், ஒரு பச்சைக்கிளியும் இருக்கின்றன. இவற்றுக்கும் பதிவு உண்டா?
– திருப்பூர் வாசகர்

சாம்பல் கிளிக்கு உண்டு. சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிய வேண்டும். சாம்பல் கிளி அதன் முதல் பட்டியலில் இருக்கிறது. சன் கோனூர் கிளி இரண்டாம் பட்டியலில். பட்ஜெரிகர், காக்கடீல் கிளிகள் பட்டியலில் இல்லை. வாங்கிய ரசீது, காலில் உள்ள மூடிய வளையத்தின் எண், அந்த எண் தெரியும்படி ஒரு நெருக்கப் படம் இவற்றைச் சேர்த்து வையுங்கள். மூடிய வளையம் குஞ்சாக இருக்கும்போது மட்டுமே மாட்ட முடியும் என்பதால்தான் அதற்கு மதிப்பு. இதுவரை பதியாமல் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

பச்சைக்கிளிக்குப் பதிவே கிடையாது. அது நம் நாட்டு வனவிலங்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்ப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். நீங்களாக மரத்தில் விட்டால் கூண்டில் வளர்ந்த கிளி பிழைக்காது.

கேள்வி: எங்கள் 5 மாத நாய்க்குட்டி பார்வோ என்ற குடல் நோய் வந்து இறந்துவிட்டது. அதன் ஃபைலைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
– திண்டுக்கல் வாசகி

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் இப்போது போடாதீர்கள். உரிமம் வாங்கியிருந்தால் ரத்து செய்யவும், சிப் பதிவேட்டில் ‘இறந்துவிட்டது’ என்று மாற்றவும் அது வேண்டும். அதைவிட முக்கியமாக, இறந்த தேதியும் நோயின் பெயரும் எழுதிய தாள் ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். பார்வோ கிருமி மண்ணிலும் தரை விரிசலிலும் மாதக் கணக்கில், சாதகமான இடத்தில் ஓராண்டு வரைகூட, உயிரோடு இருக்கும். சாதாரண பினாயிலுக்குச் சாகாது. 1 பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, சோப்பால் கழுவிக் காய்ந்த தரையில் ஊற்றி 10 நிமிடம் விட வேண்டும். மண் தரையை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. இன்னொரு குட்டி எடுப்பதானால் 16 வாரம் வரையான ஊசிகள் முழுதும் முடிந்த, அது புத்தகத்தில் கையெழுத்தோடு இருக்கிற குட்டியாகப் பார்த்து எடுங்கள். முதல் முறை மருத்துவரிடம் போகும்போது இந்தத் தாளையும் கொண்டுபோங்கள்.